கொழும்பில் பொருள் வடிவமைப்பாளராகத் தொடங்குவது: முதல் மூன்று பொருட்கள்

வேலை விளம்பரத்தில் ‘புரொடக்ட் டிசைனர்’ என்று கண்டால் உடனே விண்ணப்பிக்க வேண்டாம். கீழே மென்பொருள் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள். ஃபிக்மா என்றிருந்தால் அது செயலித் திரை வடிவமைக்கும் வேலை. கொழும்பில் இந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் அந்த வகைதான். சொலிட்வேர்க்ஸ், ரைனோ, ஃபியூஷன் என்றிருந்தால் கையில் பிடிக்கிற பொருள். இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்கு.

கையில் பிடிக்கிற பொருளை வடிவமைப்பவர்களுக்கு இங்கே வேலை உண்டு, ஆனால் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். ‘புரொடக்ட் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்’, ‘ஆர் அன்ட் டி எக்ஸிகியூட்டிவ்’, ‘டெக்னிக்கல் டிசைனர்’, ‘பெக்கேஜிங் டிசைனர்’ என்றெல்லாம் தேடுங்கள். தளபாடம், பீங்கான், றப்பர், ஆளி–சொருகி, பிளாஸ்ரிக் வீட்டுச் சாமான், ஆடைத் தொழிற்சாலைகளின் துணைப்பொருட்கள் ஆகிய துறைகளில்தான் இவை கிடக்கின்றன.

இந்த இடங்களில் ஆள் எடுப்பவர்கள் பளபளக்கும் கணினிப் படங்களை நிறையப் பார்த்துச் சலித்தவர்கள். ஒரு சின்னப் பொருளைப் பட்டறைவரை கொண்டுபோய், அது எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது, திருத்திய பிறகு ஒன்றுக்கு என்ன செலவானது என்று சொல்லக்கூடிய ஆள் அவர்களுக்கு அரிது. பறக்கும் ஓட்டோவை வரைவதை விட்டுவிட்டு, மூன்று சாதாரணப் பொருட்களைச் செய்து முடியுங்கள். மூன்றும் மூன்று வேறு மூலப்பொருளில் இருக்கட்டும்.

படிப்பு

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் ஒருங்கிணைந்த வடிவமைப்புத் துறை இருக்கிறது. அங்கே நான்கு வருடப் பட்டப்படிப்பு, ஆங்கில மொழிமூலம். உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்கான விண்ணப்பம் தனி. அந்த அறிவித்தலைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தும் பயனில்லை என்பதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வெளிவந்த நாளிலிருந்தே கண் வைத்திருங்கள். கொழும்பில் ஏ.ஓ.டி போன்ற தனியார் வடிவமைப்புக் கல்லூரிகளும் உண்டு.

வரைபவரைவிடச் செய்பவராக வர விரும்புகிறவர்களுக்கு மொறட்டுவையிலுள்ள இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்தின் பக்கமும் ஒரு வாசல் இருக்கிறது. இயந்திரவேலை தெரிந்து பிறகு வடிவமைப்புக்கு வருகிறவர் பட்டறையில் ஏமாறுவதில்லை. வயது போய்விட்டது என்று யாராவது சொன்னால், ஜெஃப்ரி பாவா சட்டத்தரணியாக இருந்துவிட்டு 1957இல், 38 வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார் என்று சொல்லுங்கள்.

மேசைக்கு வேண்டியவை

150 மி.மீ டிஜிற்றல் வேர்னியர், உருக்கு அடிமட்டம், மூலைமட்டம், கட்டர், பயணப்பை நிறுக்கும் தொங்குதராசு. இவ்வளவும் போதும். வன்பொருளுக்குப் பழைய சோனகத் தெரு, இலத்திரனியலுக்கு முதலாம் குறுக்குத் தெரு. தொங்குதராசு எதற்கு என்று கீழே தெரியும்.

மாதிரி செய்ய மட்டையும் ரிஜிபோமும். ரிஜிபோமில் சூப்பர் குளூவோ ஸ்பிரே பெயின்ரோ பட்டால் கரைந்து குழிவிழும். வெள்ளைப் பசைதான் பூச வேண்டும்.

மென்பொருளில் காசு கட்டத் தேவையில்லை. ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம். ஃபியூஷனின் தனிப்பயன் உரிமம் இலவசம், ஆனால் ஒரே நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தலாம், வருமானம் தரும் வேலைக்கென்றால் அதன் நிபந்தனைகளை வாசித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒன்ஷேப் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்படி திறந்து கிடக்கும். பயிற்சிக்குப் பரவாயில்லை, வாடிக்கையாளர் வேலைக்குக் கூடவே கூடாது.

வரைய முன்னம் கழற்றுங்கள்

வாரத்துக்கு ஒரு பொருளைக் கழற்றிப் பாருங்கள். நல்ல தொடக்கம், வீட்டில் கிடக்கும் 13 அம்பியர் சதுர முள் பிளக். சுவரிலோ வயரிலோ தொடர்பில்லாத பழைய பிளக்காக எடுங்கள். 1947இல் முதலில் வந்த பிரித்தானியத் தரமான பி.எஸ் 1363இன் பிள்ளை அது. புவி முள் மட்டும் ஏன் நீளம்? சுவரிலுள்ள சொக்கற்றின் உள்ளே மற்ற இரண்டு துளைகளையும் மூடியிருக்கும் தடுப்பை அதுதான் முதலில் தள்ளித் திறக்கிறது. மற்ற இரு முட்களின் அடிப்பாதியில் ஏன் பிளாஸ்ரிக் உறை? பாதி செருகிய நிலையில் விரல் பட்டாலும் மின்சாரம் தாக்காமல் இருக்க. வயரை இறுக்கும் பட்டி எந்த இடத்தில்? இழுத்தால் சுமை செப்பு நுனிக்குப் போகாமல் பட்டியிலேயே நிற்கும் இடத்தில்.

பிறகு மூடியைச் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பைப் பாருங்கள். மெல்லிய கோடு தெரிந்தால் அச்சின் இரண்டு பாதிகள் சந்தித்த இடம். சின்ன வட்டத் தழும்புகள், அச்சிலிருந்து பொருளைத் தள்ளிய ஊசிகள் பட்ட இடம். வெட்டுப்பட்ட ஒரு புள்ளி, பிளாஸ்ரிக் உள்ளே போன வாய். நேர்முகத்தில் மேசைமேல் இருக்கும் ஏதாவதொன்றைத் தந்து “இதை எப்படிச் செய்திருப்பார்கள்?” என்று கேட்டால் இந்த மூன்று தழும்புகளிலிருந்துதான் பேசத் தொடங்க வேண்டும்.

முதற்பொருள்: மேசையில் பூட்டும் திருவலை

உலோகம், விசை, மனித உடல் மூன்றையும் ஒன்றாகக் கற்றுத்தரும் பொருள் இது. கைப்பிடி சுழற்றும் தேங்காய்த் திருவலை எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஒன்றை வாங்கி, மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பூட்டை மட்டும் திரும்ப வடிவமையுங்கள். முழுத் திருவலையையும் தொடாதீர்கள், முடிக்க மாட்டீர்கள்.

முதற்படி, ஐந்து வீட்டுக் குசினிகளுக்குப் போவது. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்று, கொட்டாஞ்சேனைப் பழைய வீடு ஒன்று என்று கலந்து தேர்ந்தெடுங்கள். “உங்களுக்கு எப்படியான திருவலை பிடிக்கும்?” என்று கேட்டால் அன்ரிமார் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவைப்பார்கள். “ஒரு பாதித் தேங்காய் திருவிக் காட்டுங்கோ” என்று கேளுங்கள். இடது கை எங்கே போகிறது, எத்தனை சுற்றில் நிறுத்தி இறுக்குகிறார், கறுப்புத் தோல் வரும்போது எப்படி வேகம் குறைக்கிறார் என்று அனுமதி பெற்றுப் படமெடுங்கள்.

இரண்டாவது, மேசை விளிம்பை அளப்பது. பூட்டு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பலகை மேசையின் தடிப்பு ஏறத்தாழ 18 மி.மீ என்றாலும், அதன் கீழே விளிம்போடு ஒரு சட்டம் ஓடும், பூட்டின் கீழ்த்தாடை அதில் முட்டி உள்ளே போகாது. கிரனைட் பதித்த பென்ரியில் கல் 20 மி.மீ, ஆனால் விளிம்பை மட்டும் இரட்டித்து 40 மி.மீ ஆக்கி உருட்டியிருப்பார்கள். வாய் 15இலிருந்து 45 மி.மீ வரை திறக்க வேண்டும், தாடை குறைந்தது 40 மி.மீ உள்ளே போக வேண்டும் என்று உங்கள் அளவுப் பட்டியல் பேசத் தொடங்கினால் சரியான வழியில் போகிறீர்கள்.

மூன்றாவது, விசை. தொங்குதராசைக் கைப்பிடியில் மாட்டி, சுற்றும் திசையில் இழுத்துக்கொண்டு திருவுங்கள். தராசு 3 கிலோ காட்டினால் ஏறத்தாழ 30 நியூட்டன். கைப்பிடியின் கரம் 100 மி.மீ என்றால் திருப்புவிசை 3 நியூட்டன் மீற்றர். கரத்தை 120 ஆக்கினால் கைக்கு 25 நியூட்டன் போதும், ஆனால் முழங்கை மேசை விளிம்பில் இடிக்கும். எதை விட்டுக்கொடுத்தீர்கள், ஏன் என்று குறித்துவையுங்கள்.

இனி மூலப்பொருள். தாடைக்கு 4 அல்லது 5 மி.மீ மென்னுருக்குத் தகட்டை வளைத்தால் முதல் மாதிரிக்குப் போதும். வளைவின் உட்பக்க ஆரை தகட்டின் தடிப்புக்குக் குறையக்கூடாது, குறைந்தால் வெளிப்பக்கம் வெடிக்கும். வளைவுக்கு மிக அருகில் துளை போட்டால் வளைக்கும்போது அது முட்டைவடிவாக இழுபடும். மேசை வழுக்காமல் இருக்க றப்பர் ஒட்டத் தோன்றும், எங்கள் நாட்டில் அது மலிவுதான். ஆனால் இயற்கை றப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும், தேங்காய் திருவும் இடத்தில் எண்ணெய் படாமல் இருக்குமா? சிலிக்கோனோ நைட்ரைலோ போடுங்கள். திருகாணிகள் கறையில்லா உருக்கு. கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று முலாமிட்ட ஆணிகளைச் சுணங்காமல் தின்றுவிடும்.

இரண்டாவது: ரவுட்டர் மின்காப்புக்கு ஒரு பெட்டி

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது, 12 வோல்ட் ரவுட்டரைத் தாங்கும் குட்டி பற்றரிகளுக்கு வீடுகளில் இடம் வந்தது. அதற்குச் சுவரில் மாட்டும் பெட்டி செய்வது பிளாஸ்ரிக் படிக்க நல்ல வழி. இரண்டு கட்டுப்பாடுகள்: பாதுகாப்புச் சுற்றோடு வரும் ஆயத்த அலகை வாங்குங்கள், லித்தியம் கலங்களை நீங்களே பற்றவைக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே வரும் எதையும் தொடக்க வேலையாக எடுக்கவே வேண்டாம்.

முப்பரிமாண அச்சில் செய்வீர்கள். பி.எல்.ஏ என்ற அச்சுப் பிளாஸ்ரிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், சூடாகும் ரவுட்டரோடு ஒட்டிய இடத்திலும் அது தொய்யும். பி.ஈ.டி.ஜி என்ற இன்னொரு வகை ஏறத்தாழ 80 பாகை வரை நிற்கும். ஆனால் கொழும்பு ஈரக்காற்றில் திறந்து வைத்த பிளாஸ்ரிக் இழைச் சுருள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அச்சிடும்போது படபட என்று சத்தம் கேட்கும், பொருளெங்கும் நூல் தொங்கும். 65 பாகையில் 4 முதல் 6 மணிநேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

பொருந்தும் இரு துண்டுகளுக்கிடையே ஒவ்வொரு பக்கமும் 0.2 மி.மீ இடைவெளி விடுங்கள். 3 மி.மீ திருகாணி தாராளமாக நுழைய 3.3 அல்லது 3.4 என்று வரையுங்கள், அச்சில் துளை எப்போதும் சுருங்கித்தான் வரும்.

அதிகம் உடைவது மூடியைப் பிடிக்கும் கொக்கிதான். கணக்கு இருக்கிறது: கொக்கியின் தடிப்பை வளையும் தூரத்தால் பெருக்கி, அதை 1.5ஆல் பெருக்கி, கொக்கி நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அடியில் விழும் நீட்சி விகாரம், அதாவது பிளாஸ்ரிக் தன் நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்பது, கிடைக்கும். தடிப்பு 2 மி.மீ, வளைவு 1 மி.மீ, நீளம் 15 மி.மீ என்றால் 1.3 சதவீதம், தாங்கும். இடமில்லை என்று நீளத்தை 8 ஆகக் குறைத்தால் 4.7 சதவீதம், ‘டக்’கென்று போகும். நீளம் சரியாக இருந்தும் அடியோடு கழன்றால் அச்சிட்ட திசை பிழை. அடுக்குகள் கொக்கியின் நீளத்தோடு ஓடும்படி படுக்கவைத்து அச்சிடுங்கள்.

காற்றுத் துவாரம் கீழும் மேலும் வேண்டும், சூடான காற்று மேலேறும்போதுதான் கீழே குளிர் நுழையும். துவாரத்தின் அகலம் 3 மி.மீக்கு மேல் போகக் கூடாது. காரணம் பல்லி. சூடான, இருட்டான பெட்டி அதற்குச் சொர்க்கம், சுற்றுப்பலகையில் குறுக்கே படுத்தால் இரண்டுக்கும் கதை முடிந்தது. எறும்பைத் தடுக்கும் துவாரத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. வயர் வெளியேறும் இடத்தில் பிளக்கில் பார்த்த பட்டியைக் கொண்டுவாருங்கள். பிறகு தொங்குதராசால் 3 கிலோ வரை ஒரு நிமிடம் இழுத்து, வயர் நகர்ந்ததா என்று பென்சில் கோடிட்டுப் பாருங்கள்.

முடிந்தபின் இதே பெட்டியை ஊசி அச்சுக்கு (உருகிய பிளாஸ்ரிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை) மாற்றி ஒருமுறை வரையுங்கள்: சுவர் எங்கும் 2 மி.மீ, வலுப்பட்டிகள் அதில் பாதி, 1 முதல் 1.2 மி.மீ, அச்சிலிருந்து கழல எல்லாச் செங்குத்துச் சுவரும் குறைந்தது 1 பாகை சாய்வு. பட்டி தடித்தால் வெளிப்பக்கத்தில் அந்த இடம் குழிவிழுந்து தெரியும். செய்விக்கக் காசில்லாவிட்டாலும் இந்த வரைபடம் உங்களைப் பத்துப் பேரிலிருந்து பிரித்துக் காட்டும்.

மூன்றாவது: கடை மேசைக்குக் கியூஆர் நிறுத்தி, இருபது

முதல் இரண்டும் ஒவ்வொன்று. இது தொகுதி வேலை. லங்கா கியூஆர் அட்டையைச் சின்னக் கடைகளில் கல்லாவோடு ஒட்டிவைத்திருப்பார்கள், தண்ணி பட்டு அழிந்திருக்கும். 3 மி.மீ பேர்ஸ்பெக்ஸில் லேசரால் வெட்டி, இரண்டு இடத்தில் வளைத்து, ஏ6 அட்டை செருகும் நிறுத்தி ஒன்றை வடிவமைத்து இருபது செய்யுங்கள். வீணாவதற்கு இரண்டு சேர்த்து 22 வெட்டுங்கள்.

பேர்ஸ்பெக்ஸ் 8 × 4 அடித் தகடாக வரும். பாதியை, 1220 × 1220 மி.மீ துண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் 10, துண்டுகளுக்கிடையே 5 மி.மீ விட வேண்டும். உங்கள் விரித்த வடிவம் 150 × 330 என்றால், எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கும்போது அதில் 7க்கு 3, ஆக 21 வரும். 22க்கு ஒன்று குறைவு, அடுத்த தகட்டை உடைக்க வேண்டும்! 145 × 296 ஆக்குங்கள், 8க்கு 4, ஆக 32. பார்வைக்கு வித்தியாசமே இல்லை, ஒன்றுக்கான தகட்டுச் செலவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மிச்சம். ஆனால் வரையமுன் லேசர்க் கடையில் அவர்களின் இயந்திரப் படுக்கை எத்தனை மி.மீ என்று கேட்டுவிடுங்கள். சிறியதென்றால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும்.

வளைக்கச் சூட்டுக்கம்பி, ஏறத்தாழ 150 – 160 பாகை. பாதுகாப்புத் தாளை வளைவுக் கோட்டில் மட்டும் உரியுங்கள். உள்ளே குமிழ் வந்தால் சூடு கூடிவிட்டது, அல்லது தகடு ஈரம் குடித்திருக்கிறது. வெட்டிய விளிம்பைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்தால் சிறிது நேரத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடும், சவர்க்காரத் தண்ணீர் போதும்.

எழுத்து வேலையைக் கடைசிக்கு விடாதீர்கள். மூன்று மொழியிலும் வர வேண்டும். ஆங்கிலத்தை வைத்துக் கட்டம் போட்டுவிட்டுத் தமிழைத் திணித்தால், சொல் நீளம் இடம்விடாது, எழுத்தைச் சுருக்குவார்கள். 3 மி.மீ உயரத்துக்குக் கீழே லேசரால் பொறித்தால் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து ‘செலுத்துக’ ‘செலுததுக’ ஆகிவிடும். ஆகவே தமிழை முதலில் வைத்துக் கட்டத்தை அளவிடுங்கள். இன்னொன்று: கோப்பை யுனிகோட்டில் அனுப்பினால், பாமினி எழுத்துருவோடும் பழைய கோரல்டிராவோடும் இருக்கும் கடையில் ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறும். எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிட்டு அனுப்புங்கள், கூடவே சரியான தோற்றத்தை ஒரு படமாகவும்.

பட்டறையில்

வரைபடத்தில் அளவெல்லாம் மி.மீயில் என்று பெரிதாக எழுதுங்கள். மொறட்டுவைத் தச்சுப் பட்டறையில் பேச்சு அங்குலத்திலும் நூலிலும் நடக்கும், ஓர் அங்குலம் 8 நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. ‘3 மி.மீ’ என்பதை ‘ஒரு நூல்’ என்று பாஸ் (தச்சர்) எடுத்துக்கொண்டால் பத்து இடத்தில் கூட்டிக்கொண்டு போய் 1.75 மி.மீ பிழை வரும். பிளைவூட் 12 மி.மீ என்று விற்பதை வேர்னியரால் அளந்துவிட்டே பொளி வெட்டச் சொல்லுங்கள், அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும்.

புறக்கோட்டையில் தமிழ் போதும். மொறட்டுவையில் சிங்களம் வேண்டும், முக்கியமாகக் கருவிகளின் பெயர்கள். எந்த அளவு கட்டாயம் சரியாக வர வேண்டும் என்று வட்டமிட்டு இரண்டோ மூன்றோ காட்டுங்கள். எல்லாவற்றையும் வட்டமிட்டால் ஒன்றும் கவனிக்கப்படாது. “பாஸ், இதை இலகுவாகச் செய்ய எங்கே மாத்தலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் யோசிக்காத ஒரு வெட்டு மிச்சமாகும்.

போர்ட்ஃபோலியோ

12 பக்க பி.டி.எஃப், 5 எம்.பிக்குள். ஆள் எடுப்பவர் அதைப் போனில்தான் முதலில் திறப்பார். ஒரு பொருளுக்கு நான்கு பக்கம்: கையோடு சேர்த்த முடிந்த பொருளின் படம், உடைந்ததும் திருத்தியதும் பக்கத்தில் பக்கமாக, அளவிட்ட வரைபடம், செலவுக் கணக்கு. செலவில் மூலப்பொருள், வெட்டுக்கூலி, போக்குவரத்து, வீணானது எல்லாம் தனித்தனி வரி. கணினியில் மெருகூட்டிய படம் பொருளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

வேலையும் ஒப்பந்தமும்

உள்ளகப் பயிற்சி கேட்டுப் போகிற இடத்தில் மாதிரிப் பட்டறை இருக்கிறதா என்று பாருங்கள். மேசையும் கணினியும் மட்டும் உள்ள இடத்தில் ஆறு மாதம் இருந்தாலும் வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து நிறம் மாற்றத்தான் பழகுவீர்கள். வேலை கிடைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் 3. தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் கட்டுவோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது முதல் மாதத்திலிருந்தே உரியது.

வெளிவேலை எடுத்தால் பாதி முற்பணம், எத்தனை முறை திருத்தம் என்ற எண்ணிக்கை, வடிவமைப்பின் உரிமை யாருக்கு என்பது மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஊசி அச்சு வரை போகும் வேலையில் இன்னொரு வரி சேருங்கள்: அச்சு யாருடைய சொத்து, எந்தத் தொழிற்சாலையில் வைக்கப்படும், கேட்டால் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும். வாடிக்கையாளர் தொழிற்சாலையை மாற்ற நினைக்கும் நாளில்தான் இந்த வரி இல்லாதது தெரியவரும், பணம் கட்டிய அச்சு இன்னொருவரின் களஞ்சியத்தில் பணயமாக நிற்கும்.

சொந்த வடிவமைப்பை விற்க எண்ணமிருந்தால், அதை இணையத்தில் போட முன்னம் கொழும்பு 10, டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கைத்தொழில் வடிவமைப்பாக விண்ணப்பியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு 5 வருடம் செல்லும், ஐந்தைந்து வருடமாக இரண்டு முறை நீடிக்கலாம். புதியதாக இருப்பதுதான் நிபந்தனை. விண்ணப்பிக்க முதலே இன்ஸ்ராகிராமில் படம் போட்டிருந்தாலோ, ஒன்ஷேப் இலவசக் கணக்கில் வரைந்து திறந்து விட்டிருந்தாலோ அந்தப் புதுமையை நீங்களே கெடுத்திருப்பீர்கள். கியூஆர் நிறுத்தி மாதிரியான பயிற்சிப் பொருளுக்கு இந்தச் செலவு தேவையில்லை. திருவலைப் பூட்டு நன்றாக வந்திருந்தால் மட்டும் படத்தை மறைத்துவைத்து முதலில் படிவத்தை நிரப்புங்கள்.